பழைய கார் வாங்கும்போது: விலை பேசுமுன் வரலாற்றை வாசியுங்கள்

புலம்பெயர்ந்த எங்கள் குடும்பங்களில் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரிய தொகை கொடுத்து வாங்குகிற பொருள் கார்தான். அதிகாலை வேலைக்குப் பஸ் இருக்காது. இரவு வேலை முடிந்து வரும்போது ரயில் நின்றுவிடும். சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்கும் நடன வகுப்புக்கும் கொண்டுபோக வேண்டும். வயதான அம்மா அப்பாவை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆகவே கார் எங்களுக்கு ஆடம்பரப் பொருளல்ல, பிழைப்பின் ஒரு பகுதி.

அநேகமாக நாங்கள் முதலில் வாங்குவது பழைய கார். சீட்டு எடுத்த காசும் மேலதிக நேரம் வேலை செய்து சேர்த்த காசும் அதில் போகின்றன. அந்தக் கார் மூன்றாம் மாதமே கராஜுக்குப் போய் நின்றால், திருத்தச் செலவோடு வேலையும் கெடுகிறது, கடனும் ஏறுகிறது. இவ்வளவு இருந்தும் ஒரு சேலை எடுக்கப் போனால் நாலு கடை ஏறி இறங்குகிற நாங்கள், காரைப் பெரும்பாலும் ஒரு பின்னேரத்தில் பார்த்து, ஒரு சுற்று ஓட்டி, "எங்கட ஆள்தானே" என்று காசைக் கொடுத்துவிடுகிறோம்.

பழைய காரை எப்படித் தெரிவு செய்வது, அதன் பெறுமதியை எப்படிக் கணிப்பது என்பதைப் பிரித்தானியாவை வைத்து இங்கே விளக்குகிறோம். மற்ற நாடுகளில் இருப்போருக்கும் அடிப்படை ஒன்றுதான். அந்தந்த நாட்டுப் பத்திரங்கள் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது

1970ஆம் ஆண்டு ஜோர்ஜ் அகெர்லொவ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்ச் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கப் பேச்சில் வெளியே நல்லதாகத் தெரிந்து உள்ளே பழுதாக இருக்கிற காரை "எலுமிச்சை" என்பார்கள். எது நல்ல கார், எது எலுமிச்சை என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதபடியால் வாங்குபவர் ஒரு நடுத்தர விலைக்கு மேல் கொடுக்கத் தயங்குவார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க விரும்பாமல் விலகுவார். போகப்போகச் சந்தையில் எலுமிச்சைகள்தான் மிஞ்சும். இந்த ஆய்வுக்காக அவர் 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதில் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பழைய கார் வாங்கும்போது நாங்கள் விலை கொடுப்பது இரும்புக்கு மட்டுமல்ல, அந்தக் காரின் வரலாறு பற்றிய நிச்சயத்துக்கும்தான். எவ்வளவு நிச்சயம் இருக்கிறதோ அவ்வளவு விலை கொடுக்கலாம். பத்திரம் இல்லாத காருக்கு, அது எவ்வளவு மினுங்கினாலும், விலையைக் குறைத்தே மதிக்க வேண்டும்.

முதலில் எங்கள் தேவை

விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்குமுன் வீட்டிலுள்ளவர்கள் இருந்து கதைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடப்போகிறோம்? எந்த வீதிகளில்? யார் யார் ஓட்டப்போகிறார்கள்?

பாடசாலை, கடை, கோயில் என்று இரண்டு மூன்று மைல் ஓட்டம் மட்டுமே என்றால் டீசல் கார் வேண்டாம். இப்போதைய டீசல் கார்களில் கரித்துகள்களைப் பிடிக்கிற ஒரு வடிகட்டி இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுஞ்சாலையில் ஓடும்போதுதான் அதில் சேர்ந்த கரி எரிந்து துப்புரவாகும். குறுந்தூர ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும். மாற்றுவதற்கு ஆயிரம் பவுண்ட்ஸுக்கு மேலும் போகலாம்.

லண்டனில் இருப்பவர்கள் யூலெஸ் என்கிற புகைக் கட்டுப்பாட்டு வலயத்தை மறக்கக்கூடாது. 2023 ஓகஸ்ட் 29 முதல் அது லண்டனின் எல்லா நகரசபைப் பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டுவிட்டது. தகுதியில்லாத காரை ஓட்டினால் நாளொன்றுக்கு 12.50 பவுண்ட்ஸ் கட்ட வேண்டும். வருடத்தில் 250 வேலைநாள் ஓட்டினால் 3,125 பவுண்ட்ஸ். பொதுவாக 2006இலிருந்து பதியப்பட்ட பெற்றோல் கார்களும் 2015 செப்ரெம்பருக்குப் பின் பதியப்பட்ட டீசல் கார்களும் தகுதி பெறும். ஆனாலும் இலக்கத் தகட்டு எண்ணைப் போட்டு, லண்டன் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பேர்மிங்காமிலும் பிரிஸ்டலிலும் இதே மாதிரி வலயங்கள் உள்ளன. வேறு ஊரில் ஒரு டீசல் கார் நம்பமுடியாத மலிவில் கிடைத்தால், காரணம் அநேகமாக இதுதான்.

அடுத்தது காப்புறுதி. புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்த பிள்ளைக்குக் காரின் விலையைவிடக் காப்புறுதி கூடுதலாக வரலாம். ஆகவே காரை வாங்குமுன்னரே அதன் எண்ணைப் போட்டுக் காப்புறுதித் தொகையைக் கேட்டுப் பாருங்கள். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மகன் நாளாந்தம் ஓட்டுகிற காருக்கு அப்பாவைப் பிரதான சாரதியாகப் பதிந்து தொகையைக் குறைப்பது சட்டப்படி மோசடி. ஒன்றும் நடக்காதவரை லாபம் போலத் தெரியும். ஒரு விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம், ஓட்டிய பிள்ளையின் பெயரும் கெடும்.

வீதி வரியையும் பாருங்கள். 2001 மார்ச்சுக்கும் 2017 மார்ச்சுக்கும் இடையில் பதியப்பட்ட கார்களுக்குப் புகை அளவைப் பொறுத்தே வரி. ஒரே தோற்றமுள்ள இரண்டு கார்களுக்கு எஞ்சின் வித்தியாசத்தால் வருட வரி நூற்றுக்கணக்கான பவுண்ட்ஸ் வேறுபடலாம்.

வீட்டிலிருந்தே வாசிக்கக்கூடிய வரலாறு

பிரித்தானியாவில் பழைய கார் வாங்குபவருக்குக் கிடைக்கிற மிகப் பெரிய உதவி எம்ஓரி வரலாறு. அதை அரசின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். காரின் இலக்கத் தகட்டு எண் மட்டும் போதும். கார் மூன்று வயதானதும் முதல் எம்ஓரி, பிறகு ஒவ்வொரு வருடமும். வட அயர்லாந்தில் மட்டும் நான்கு வயதில்தான் தொடங்கும். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் பதிவுகள் 2005 வரை பின்னோக்கிக் கிடைக்கின்றன.

அதை "பாஸ்" என்று மட்டும் பார்த்துவிட்டு மூடக்கூடாது. மூன்று விடயங்களை வடிவாக வாசியுங்கள்.

முதலாவது, மைலேஜ். ஒவ்வொரு பரிசோதனையிலும் ஓடிய மைல் பதியப்பட்டிருக்கும். வருடத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் என்று ஏறிக்கொண்டு வந்த எண் திடீரென்று குறைந்திருந்தால் மீற்றரில் கை வைத்திருக்கிறார்கள். பல வருடம் ஓடிய கார் ஒரு வருடம் வெறும் முந்நூறு மைல் ஓடியிருந்தால், அந்த வருடம் அது எங்கே நின்றது என்று கேட்க வேண்டும். இங்கே மீற்றரை மாற்றுவது குற்றமல்ல, மாற்றியதை மறைத்து விற்பதுதான் குற்றம். ஆகவே "மைலேஜுக்கு உத்தரவாதம் இல்லை" என்று எழுதியிருந்தால் எச்சரிக்கையாகுங்கள்.

இரண்டாவது, அறிவுறுத்தல்கள். காரைப் பாஸ் செய்துவிட்டு, "முன் பிரேக் தேய்கிறது", "பின் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறது" என்று பரிசோதகர் எழுதி வைப்பார். ஒரே அறிவுறுத்தல் மூன்று வருடம் தொடர்ந்து வந்திருந்தால், காரை வைத்திருந்தவர் செலவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அந்தச் செலவு இனி உங்களுடையது.

மூன்றாவது, எதில் பெயில் ஆனது என்பது. ஒரு மின்குமிழ் எரியாததற்குப் பெயில் ஆவது ஒன்றுமில்லை. அடிச்சட்டத்தில் துரு என்று பெயில் ஆகியிருந்தால் அது வேறு கதை.

ஒன்றை நினைவில் வையுங்கள். எம்ஓரி, கார் அன்றைக்கு வீதியில் ஓடத் தகுதியானதா என்று மட்டுமே சொல்கிறது. எஞ்சின், கிளச், கியர்பெட்டி ஆகியவற்றின் நிலையை அது பரிசோதிப்பதில்லை. "புது எம்ஓரி போட்டிருக்கு" என்பது நல்ல கார் என்பதற்கு அத்தாட்சியல்ல.

அரசின் இன்னொரு பக்கத்தில் கார் எப்போது பதியப்பட்டது, என்ன நிறம், வரி கட்டப்பட்டிருக்கிறதா, கடைசியாக லொக் புக் எப்போது வழங்கப்பட்டது என்பவை இலவசமாகத் தெரியும். "ஐந்து வருடமாக நான்தான் ஓட்டுறன்" என்று விற்பவர் சொல்ல, லொக் புக் மூன்று கிழமைக்கு முன்னர் வழங்கப்பட்டதாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். வீடு மாறியது போன்ற நியாயமான காரணமும் இருக்கலாம். பதில் நியாயமாக இருக்க வேண்டும்.

இவை இலவசம். காசு கொடுத்துப் பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. எச்பிஐ போன்ற நிறுவனங்களின் முழுமையான வரலாற்று அறிக்கைக்கு இருபது பவுண்ட்ஸ் அளவில் செலவாகும். கார்மேல் கடன் பாக்கி இருக்கிறதா, களவுபோனதா, காப்புறுதி நிறுவனத்தால் கழித்துவிடப்பட்டதா என்பவை அதில் தெரியும். தவணையில் எடுத்த காரின் கடன் தீரும்வரை அதன் சொந்தக்காரர் கடன் கொடுத்த நிறுவனம்தான். அதை விற்க ஓட்டுபவருக்கு உரிமையில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும்போது இந்த இருபது பவுண்ட்ஸை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கழித்துவிடப்பட்ட கார்கள் 2017 ஒக்ரோபரிலிருந்து ஏ, பி, எஸ், என் என நான்கு வகை. ஏ, பி இரண்டும் மறுபடி வீதிக்கு வரவே கூடாது. எஸ் என்றால் காரின் கட்டமைப்பு அடிபட்டது. என் என்றால் கட்டமைப்பு அடிபடவில்லை, திருத்தச் செலவு கூடியபடியால் கைவிடப்பட்டது. இந்த இரண்டையும் திருத்தி ஓட்டலாம். அதற்கு முன்னர் கழிக்கப்பட்டவை சி, டி என்று பதிவாகியிருக்கும். இப்படியான கார் நன்றாகத் திருத்தப்பட்டிருந்தாலும் விலை கணிசமாகக் குறைய வேண்டும். நாளை நீங்கள் விற்கப்போகும்போதும் அந்த எழுத்து கூடவே வரும்.

நேரில் பார்க்கும்போது

பகலில், மழை இல்லாத நேரத்தில், விற்பவரின் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். நனைந்த காரில் கீறலும் தெரியாது, நிற வேறுபாடும் தெரியாது. வாகனத் தரிப்பிடத்தில் சந்திப்போம் என்பவரிடம் போக வேண்டாம். லொக் புக்கில் இருக்கிற முகவரியும் நீங்கள் நிற்கிற முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். லொக் புக் என்பது பதிவு செய்யப்பட்ட பொறுப்பாளரைக் காட்டும் பத்திரம் மட்டுமே. அது உரிமைப் பத்திரமல்ல என்று அதிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆகவே விற்பவரிடம் அவர் வாங்கியபோது பெற்ற பற்றுச்சீட்டையும் கேளுங்கள். முன்கண்ணாடியின் அடியில் தெரியும் சேசிஸ் இலக்கத்தை லொக் புக்கோடு ஒப்பிடுங்கள். களவுபோன காருக்கு வேறு காரின் இலக்கத் தகட்டைப் பூட்டி விற்பவர்கள் அகப்படுவது இங்கேதான்.

"நாங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனவுடன் பொனெற்றில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் ஸ்ரார்ட் ஆகும்போது வரும் சத்தத்தையோ புகையையோ மறைக்கிறார்களோ என்று யோசிக்க வேண்டும். நீல நிறப் புகை என்றால் எஞ்சின் எண்ணெயை எரிக்கிறது. குளிர் காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வருவது இயல்பு. எஞ்சின் சூடேறிய பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை வந்துகொண்டேயிருந்தால் குளிர்விக்கும் நீர் எஞ்சினுக்குள் போகிறது. அது பெரிய செலவு.

கதவு, பொனெற், மட்கார்ட் இவற்றுக்கிடையிலான இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா பாருங்கள். ஜன்னல் ரப்பரில் பெயின்ற் பட்டிருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டுத் திருத்தப்பட்டிருக்கிறது. ரயர்களின் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. ஒரு 20 பென்ஸ் நாணயத்தைத் தவாளிப்புக்குள் வைத்தால் அதன் வெளி விளிம்பு மறைய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சில்லு நேராக நிற்கவில்லை. நான்கும் நான்கு மலிவு வகை என்றால், ஏனைய செலவுகளிலும் அவர் அப்படித்தான் இருந்திருப்பார்.

மைலேஜ் குறைவு, ஆனால் ஸ்ரியரிங் பளபளக்கத் தேய்ந்திருக்கிறது, பெடல் ரப்பர் வழுக்குகிறது, சாரதி இருக்கை அமிழ்ந்திருக்கிறது என்றால் இரண்டும் பொருந்தவில்லை. ஹைபிரிட் கார்களில் பல மினிகாப்பாக ஓடியவை. முன்கண்ணாடியில் அனுமதி ஒட்டியைக் கழற்றிய தழும்பையும் பின் கதவுகளின் தேய்வையும் பாருங்கள். மினிகாப் ஓடிய கார் கூடாதென்றில்லை, விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். மின்சாரக் கார் என்றால் பற்றரியின் நிலையைக் காட்டும் அறிக்கையைக் கேளுங்கள். பல தயாரிப்பாளர்கள் பற்றரிக்கு 8 வருடம் அல்லது 100,000 மைல் உத்தரவாதம் கொடுக்கிறார்கள். அதில் எவ்வளவு மிச்சம் என்பதே அந்தக் காரின் பெறுமதியில் பெரும்பங்கு.

சேர்விஸ் புத்தகத்தில் முத்திரைகளோடு பற்றுச்சீட்டுகளும் இருக்கிறதா பாருங்கள். டைமிங் பெல்ற் மாற்ற வேண்டிய வயது வந்துவிட்டதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். அது அறுந்தால் பல எஞ்சின்கள் முழுதாகவே போய்விடும். சில சிறிய பெற்றோல் எஞ்சின்களில் அந்த பெல்ற் எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறது. ஃபோர்டின் 1.0 லீற்றர் ஈக்கோபூஸ்ற் எஞ்சினின் பல வருட வெளியீடுகளும், பெஜோ, சித்ரொயன் கார்களின் 1.2 லீற்றர் பியூர்ரெக் எஞ்சினும் இந்த வகை. இவற்றில் குறித்த காலத்தில், சரியான வகை எண்ணெய் மாற்றியதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் விட்டுவிடுவதே நல்லது.

திறப்பைப் போட்டு, எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணுமுன் எச்சரிக்கை விளக்குகளைக் கவனியுங்கள். எஞ்சின் விளக்கு முதலில் எரிந்து, ஸ்ரார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் யாரோ அதைச் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு அரைமணி நேரமாவது வேண்டும். அதற்குமுன் அந்தக் காரை ஓட்ட உங்களுக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியோவை நிறுத்துங்கள். கதையையும் நிறுத்துங்கள். மேடும் பள்ளமுமான வீதியில் சில்லுப் பக்கம் தட்டுகிறதா, நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்ரியரிங் நடுங்குகிறதா, பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா, மேட்டில் ஏறும்போது கிளச் வழுக்குகிறதா என்று கேட்டும் உணர்ந்தும் பாருங்கள். உங்களுக்கு இதெல்லாம் விளங்காது என்றால் ஒரு மெக்கானிக்கைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிப் போங்கள். ஏஏ, ஆர்ஏசி போன்ற அமைப்புகளும் கட்டணத்துக்குப் பரிசோதித்துத் தருகின்றன.

பெறுமதியைக் கணிப்பது

ஒரு காருக்கு மூன்று விலைகள் உண்டு. கராஜ் உங்களுக்கு விற்கும் விலை கூடியது. தனியாள் ஒருவர் விற்கும் விலை அதற்குக் கீழே. கராஜ் உங்களிடமிருந்து வாங்கும் விலை எல்லாவற்றிலும் கீழே. தனியாள் ஒருவர் கராஜ் விலையைக் கேட்டால், கராஜ் தருகிற சட்டப் பாதுகாப்பில்லாமல் அதன் விலையை மட்டும் கேட்கிறார்.

சரியான விலையை அறிய, அதே மொடல், அதே வருடம், அதே எஞ்சின், ஏறக்குறைய அதே மைலேஜ் உள்ள பத்து விளம்பரங்களைத் திரட்டுங்கள். மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் விட்டுவிடுங்கள். நடுவில் நிற்பதே சந்தை விலை. பிறகு இந்தக் காருக்கு அடுத்த ஆறு மாதத்தில் வரப்போகிற செலவைக் கழியுங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கார் 6,500 பவுண்ட்ஸ் என்று விளம்பரம். ஒத்த கார்கள் 6,000க்கும் 6,900க்கும் இடையில் நிற்கின்றன. முன் ரயர் இரண்டும் மாற்ற 160, தவறிப்போன சேர்விஸுக்கு 200, எம்ஓரியில் அறிவுறுத்திய பிரேக்குக்கு 250 என்று வைத்தால் மொத்தம் 610. அப்படியானால் 5,900க்குக் கேட்பது நியாயம். "கொஞ்சம் குறையுங்கோ அண்ணை" என்று கேட்பதைவிட, எம்ஓரித் தாளைக் காட்டி இந்தக் கணக்கைச் சொல்லும்போது விற்பவரும் மனம் நோகாமல் இறங்கி வருவார்.

மைலேஜ் குறைவு என்பதற்காக மட்டும் கூடக் கொடுக்க வேண்டாம். ஒழுங்காக சேர்விஸ் செய்து 90,000 மைல் ஓடிய கார், பத்திரம் ஒன்றுமில்லாமல் 45,000 மைல் காட்டுகிற காரைவிட நம்பிக்கையானது. அதேபோல, ஐந்து வயதுச் சாதாரண காரின் விலைக்குப் பத்து வயது ஜேர்மன் சொகுசுக் கார் கிடைக்கும். வாங்கும் விலைதான் பழைய விலை. உதிரிப்பாகமும் திருத்தக் கூலியும் சொகுசுக் கார் விலையிலேயே இருக்கும். திருமண வீட்டு வாசலில் நிறுத்தும்போது எடுப்பாக இருக்கிறது என்பதற்காக அந்தச் சுமையை ஏற்பதா என்று யோசியுங்கள்.

தவணையில் வாங்குபவர்கள் மாதத் தொகையை மட்டும் பார்க்கக்கூடாது. 8,000 பவுண்ட்ஸை 14.9 வீத வருட வட்டியில் நான்கு வருடத்துக்கு எடுத்தால் மாதம் ஏறக்குறைய 218 பவுண்ட்ஸ். கட்டி முடிக்கும்போது மொத்தம் ஏறத்தாழ 10,490. அதாவது அந்தக் காரின் உண்மையான விலை 8,000 அல்ல. கட்டி முடிக்கிற நேரத்தில் காரின் பெறுமதியும் பாதிக்குக் கீழே போயிருக்கலாம்.

யாரிடம் வாங்குகிறோம்

கராஜ் அல்லது வியாபாரியிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை. காரின் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரம் இல்லை என்றால் முதல் 30 நாட்களுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன்பின் ஆறு மாதம்வரை, திருத்திக் கொடுக்க அவருக்கு ஒரு தடவை இடம் கொடுக்க வேண்டும். அது சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். "உள்ளபடியே விற்கப்பட்டது" என்று பற்றுச்சீட்டில் எழுதினாலும் இந்த உரிமை போகாது. முற்பணத்தில் ஒரு பகுதியையாவது கடனட்டையில் கட்டுங்கள். 100 பவுண்ட்ஸுக்கு மேல் 30,000 வரையான விலையுள்ள பொருளுக்கு, முழுத் தொகைக்கும் அட்டை நிறுவனமும் சேர்ந்து பொறுப்பாகும்.

தனியாளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி இல்லை. கார் அவர் விபரித்தபடி இருக்க வேண்டும், விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்காகவே சில வியாபாரிகள் தனியாள் போல விளம்பரம் போடுகிறார்கள். தொலைபேசியில் "காரைப் பற்றிக் கேட்க எடுத்தனான்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "எந்தக் கார்?" என்று கேட்டால் அவரிடம் பல கார் இருக்கிறது.

எங்கட ஆளிடம் வாங்கும்போது

இப்போது சொல்லக் கொஞ்சம் கூச்சமான விடயத்துக்கு வருகிறோம். எங்கள் சமூகத்துக்குள் நடக்கிற கார் விற்பனையில் பத்திரம் கேட்பது குறைவு. ஊர்க்காரர், கூடப் படித்தவர், கோயிலில் காண்பவர் என்றால் "எம்ஓரியைக் காட்டுங்கோ", "கடன் இருக்கா பாக்கப்போறன்" என்று கேட்கக் கூச்சப்படுகிறோம். கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பாரே என்ற பயம்.

ஏமாற்றுகிறவர்கள் எல்லா இனத்திலும் உண்டு, எங்களிடமும் உண்டு. ஆனால் அதைவிட அடிக்கடி நடப்பது வேறு. விற்பவர் நேர்மையானவர், அவருக்கே காரின் பழுது தெரியாது. அவர் வாங்கியபோதும் யாரிடமும் கேட்காமல்தான் வாங்கினார். இரண்டு மாதத்தில் கியர்பெட்டி போகிறது. வாங்கியவர் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார், மனதுக்குள் மறக்கவும் மாட்டார். ஒரு கலியாண வீட்டில் இருவரும் முகம் பாராமல் போவார்கள். காரும் போய், இருபது வருட உறவும் போகிறது. பத்திரம் பார்த்து வாங்கியிருந்தால் உறவாவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே உறவுக்காரரிடம் வாங்கும்போதும் அதே பரிசோதனை, அதே அறிக்கை, அதே கேள்விகள். விற்பவர்களுக்கும் இதைச் சொல்கிறோம்: அவர் கேட்குமுன்னரே நீங்கள் எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டுக் கட்டை மேசையில் வைத்து, "இந்த இடத்தில ஒரு சத்தம் இருக்கு, நீங்களே மெக்கானிக்கக் கூட்டிவந்து பாருங்கோ" என்று சொல்கிறவருக்கு நல்ல விலையும் கிடைக்கும், நல்ல பெயரும் கிடைக்கும்.

காசைக் கையில் கொடுப்பதைத் தவிர்த்து வங்கிமூலம் அனுப்புங்கள். காரைப் பார்க்காமல் முற்பணம் அனுப்பவே வேண்டாம். இருவரின் பெயர், முகவரி, திகதி, விலை, அன்றைய மைலேஜ், இலக்கத் தகட்டு எண், சொல்லப்பட்ட பழுதுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய பொறுப்பாளர் துண்டை வாங்க மறக்காதீர்கள். பதிவு மாற்றத்தை அந்த இடத்திலேயே இணையத்தில் செய்துவிடலாம். 2014 ஒக்ரோபரிலிருந்து பழைய ஆளின் வீதி வரி காரோடு வருவதில்லை. வரியும் காப்புறுதியும் உங்கள் பெயரில் போட்ட பிறகே காரை வீதியில் இறக்க வேண்டும்.

மற்ற நாடுகளில் இருப்போருக்கு

பிரான்சில் நான்கு வயது கடந்த காரை விற்பவர், ஆறு மாதத்துக்கு உட்பட்ட தொழில்நுட்பப் பரிசோதனை அறிக்கையை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும். அரசின் ஹிஸ்ரோவெக் தளத்தில் காரின் வரலாற்று அறிக்கையை விற்பவர் இலவசமாக எடுத்துத் தரலாம், கேளுங்கள். ஜேர்மனியில் முதற் பரிசோதனை மூன்றாம் வருடம், பிறகு இரண்டு வருடத்துக்கொருமுறை. விளம்பரத்தில் "ரியூவ்" எப்போது முடிகிறது என்று பாருங்கள். கனடாவின் ஒன்ராறியோவில் தனியாளாக விற்பவர் வாகனத் தகவல் பொதியை வாங்குபவருக்குக் கொடுப்பது சட்டக் கடமை. அங்கே கொடுக்கப்படும் பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாட்களுக்குத்தான் செல்லும், அது உத்தரவாதமும் அல்ல. பனிக்காலத்தில் வீதியில் உப்புப் போடுகிற நாடுகளில் காரின் அடிப்பக்கத் துருவைக் குனிந்து பார்க்காமல் வாங்கவே கூடாது.

நாடு எதுவானாலும், ஒரு காரைப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்பி வருவது வெட்கமல்ல. இருபது பவுண்ட்ஸ் அறிக்கையும் ஒரு நாள் பின்னேரமும் செலவழித்து ஒரு பழுதான காரைத் தவிர்த்தால், அது அந்த மாதத்தில் நாங்கள் உழைத்த நல்ல சம்பளம்.